தூர்ந்த வாய்க்காலும் தினசரி செபமும்



சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம். நம் பங்கில் ஒரு முறையாவது அங்கே படகேறாத குடும்பம் இராது. விருந்தாளி வந்தால் அழைத்துப் போகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேன் வைத்துக் கூட்டிப் போகிறோம். வேர்களுக்கிடையில் படகு நுழையும்போது தலையைக் குனிகிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம், கரையில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்தக் காட்டில் ஒரு பிரசங்கம் நின்றுகொண்டிருக்கிறதென்று நானும் வெகுகாலம் கவனித்ததில்லை. படகுக்காரர் ஒருவர் சொல்லித்தான் கவனித்தேன். அவர் நம்முடைய வேதத்தைச் சேர்ந்தவருமல்ல.

முதலில் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வடக்கே பரங்கிப்பேட்டையண்டை வெள்ளாறும், தெற்கே கொள்ளிடமும் கடலில் சேருகின்றன. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில், ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற சேற்று நிலத்தில், 1,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது இந்தச் சதுப்புக் காடு. சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலான மரங்கள் அங்கே வளருகின்றன. (தில்லை மரத்தின் பேரால்தான் சிதம்பரத்துக்கே தில்லை என்று பழைய பேர். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் கிளையை ஒடித்து விளையாட வேண்டாம்.) தினம் இரண்டு தரம் கடல்நீர் அங்கே ஏறுகிறது, இரண்டு தரம் வடிகிறது. ஏறும் அளவு ஒன்றும் பெரிதல்ல. பெரும்பாலும் ஒருவருடைய முழங்கால் அளவுக்கே ஏறும். சில நாட்களில் அதற்கும் குறைவு. அந்தச் சிறு ஏற்றத்தையும் இறக்கத்தையும் நம்பித்தான் அத்தனை மரங்களும், அவற்றின் வேரடியில் வளரும் இறாலும் மீனும் நண்டும், அவற்றைப் பிடித்துப் பிழைக்கிற ஜனங்களும் உயிர் வாழ்கிறார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலிருந்து 1970-கள் வரையில், இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து அடியோடு வெட்டி வந்தார்கள். வெட்டிய இடம் தானே மறுபடி முளைத்துவிடும் என்று எண்ணினார்கள். முளைக்கவில்லை. நிழல் போன தரையில் வெயில் நேரே விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியாய்ப் போயிற்று. நிலம் நடுவில் தாழ்ந்து தொட்டி போலாயிற்று. ஏறி வந்த கடல்நீர் அந்தத் தொட்டியில் தங்கிற்று, வடிய வழியில்லை. தங்கிய நீர் வெயிலில் காயக் காய, உப்பு மேலும் மேலும் ஏறிற்று. உப்பு நீரில் வாழ்வதற்கென்றே சர்வேசுரனால் படைக்கப்பட்ட மரங்கள், உப்பு மிகுந்துபோனதால் பட்டுப்போயின.

இதைச் சற்று நின்று யோசியுங்கள். அந்த நிலத்தைக் கடல் கைவிட்டுவிடவில்லை. கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தது. நேற்றுப் போல் இன்றும் இரண்டு வேளையும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. வந்த நீர் உள்ளே போகவும் வெளியே வரவும் வழி மாத்திரம் இல்லாமற் போயிற்று.

1990-களில் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும், வனத்துறையாரும், அங்குள்ள ஊர் ஜனங்களும் சேர்ந்து அந்தப் பாழ்நிலத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். உயரத்திலிருந்து பார்த்தால் மீன்முள் போலிருக்கும். கரைகளில் நாற்று நட்டார்கள். கடல்நீர் வாய்க்கால் வழியே ஏறிற்று. வடியும்போது தேங்கிக் கிடந்த உப்பையும் கழுவிக்கொண்டு போயிற்று. சில வருஷங்களில் வெட்டவெளி பச்சையாயிற்று. 2022-ம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகத்தின் முக்கியமான சதுப்பு நிலங்களில் ஒன்றாகப் பிச்சாவரமும் சேர்க்கப்பட்டது.

நான் படகில் போன அன்று இந்த வாய்க்கால்களை மெச்சிப் பேசினேன். படகுக்காரர் துடுப்பை நிறுத்தாமலே சொன்னார்: “வெட்டுனது பெரிசில்லீங்க சாமி. சேறு வந்து அடைச்சிக்கிட்டே இருக்கும். தூர் வாரிக்கிட்டே இருக்கணும். விட்டுட்டா பழைய கதைதான்.” பிறகு இறால் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். எனக்கோ அதற்குமேல் இறால் விலை காதில் ஏறவில்லை.

கிறிஸ்தவர்களே, நம்மில் சர்வேசுரனை நம்பாதவர் யார்? கேட்டால் எல்லோரும் நம்புகிறோம் என்றுதான் சொல்லுவோம். சிறு வயதிலேயே விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்றையும் மனப்பாடம் செய்திருக்கிறோம். நம் முன்னோர் அவற்றுக்கு வைத்த பேரைப் பாருங்கள்: முயற்சி. நம்பிக்கை என்பது மனத்தில் தானாக எழும்பும் ஓர் உணர்ச்சி என்று அவர்கள் நினைத்திருந்தால் வேறு பேர் வைத்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலையாகவே அதை எண்ணினார்கள். முகம் கழுவுவது போல, வாசல் பெருக்குவது போல.

ஆனால் நமது வழக்கம் என்ன? ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ரிப்போர்ட் வருகிறது. குழுக் கடனின் தவணை நெருங்குகிறது. வெளிநாட்டுக்குப் போன மகன் பத்து நாளாகப் போன் பேசவில்லை. மகளுக்கு வந்த வரன் தட்டிப்போகிறது. அப்போது ஓடுகிறோம். ஒன்பது நாள் நவநாள், மெழுகுதிரி, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம், உபவாசம் என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்குகிறோம். இது தவறென்று நான் சொல்லமாட்டேன். துன்பத்தில் தகப்பனிடம் ஓடாத பிள்ளை உண்டோ? வருகிறவர் எவரையும் நமதாண்டவர் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் பல வருஷம் தூர்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று புகுந்த வெள்ளம் என்னவாகும்? தேங்கும். கேட்டது கிடைத்தால் நவநாளோடு செபமும் முடிந்துபோகும். கிடைக்காவிட்டாலோ, ‘கேட்டேன், கொடுக்கவில்லை’ என்ற எண்ணம் உள்ளேயே நின்று, காய்ந்து, உப்பேறிக் கசப்பாகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து கேட்கிற எங்களுக்குத் தெரியும்: கோயிலை விட்டு விலகிப் போனவர்களில் அநேகர் சர்வேசுரன் இல்லை என்று போனவர்களல்ல. ஒரு நாள் கேட்ட ஒன்று கிடைக்காமற் போன வருத்தத்தை ஒருவரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு போனவர்கள்.

நீர் ஏறினால் மட்டும் போதாது, வடியவும் வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். செபத்தில் கேட்பது ஏற்றம் என்றால், கேட்டதை அவர் கையில் விட்டுவிட்டு எழுந்து போவது வடிதல். பரலோக மந்திரத்தில் ஆண்டவர் நமக்குக் கற்பித்தது ஒரு வருஷத்துக்கு வேண்டிய அப்பத்தைக் கேட்பதற்கல்ல. அன்றன்றைக்குரிய அப்பத்தை அன்றன்றைக்குக் கேட்கும்படி கற்பித்தார். வனாந்தரத்தில் இஸ்ராயேல் ஜனங்களுக்கு மன்னா பெய்தபோதும் அதே ஒழுங்குதான். ஒரு நாளைக்கு வேண்டியதைச் சேர்த்தவனுக்குப் போதுமானதாயிருந்தது. நாளைக்கும் இருக்கட்டுமென்று ஒளித்து வைத்தவனுடைய பானையில் புழு நெளிந்தது. ஓய்வு நாளுக்கு முந்தின நாள் சேர்த்ததற்கு மாத்திரம் விலக்கு உண்டு. நாற்பது வருஷம் தினந்தோறும் விடியற்காலையில் குனிந்து பொறுக்கிப் பொறுக்கி, நாளைக்கும் பெய்யும் என்று நம்ப அந்த ஜனங்கள் பழகினார்கள். அப்போதும் எத்தனை முறை முறுமுறுத்தார்கள் என்பதை யாத்திராகமத்தில் வாசித்துக்கொள்ளுங்கள். அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை நமக்கில்லை.

சரி, வாய்க்காலை அடைப்பது எது? சாவான பாவங்கள் அடைக்குமென்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி வேறொரு ஞாயிறு பேசலாம். பிச்சாவரத்தில் வாய்க்காலை அடைக்கிறது பாறையல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேறு. நீரோடு வந்து, நீர் வடியும்போது படிந்துவிடுகிறது. நம் வீடுகளிலும் அப்படியே. இன்றைக்கு உடம்பு அசதி, நாளைக்குச் சொல்லலாம். ஏழு மணிக்குச் சீரியல் முடியட்டும், பிறகு செபமாலை. சீரியல் முடிந்தால் அடுத்தது தொடங்குகிறது. கைப்பேசியில் ஒரு செய்தி வந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன். இப்படி ஒருவரும் ஒரு கெடுதியும் செய்யவில்லை. மூன்று மாதத்தில் அந்த வீட்டில் செபமில்லை. உங்களை மாத்திரம் சொல்லவில்லை. குருவானவர்களுக்குரிய கட்டளைச் செபத்தை, ஊர்க் கணக்கையெல்லாம் மனத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டே, உதட்டால் மாத்திரம் நான் வாசித்து முடித்த இரவுகள் உண்டு. அப்படிப்பட்ட இரவுகளுக்குப் பின் வரும் காலையில் ஒரு வியாதிக்காரருக்கு ஆறுதல் சொல்லப் போனால், வாயில் வார்த்தை வராது. வந்தாலும் அது உலர்ந்திருக்கும்.

பெற்றோருக்கு இங்கே ஒரு விஷயம். சுரபுன்னையின் விதையைப் பார்த்திருக்கிறீர்களா? முருங்கைக்காய் போல் நீளமாய்க் கிளையில் தொங்கும். மற்ற மரங்களின் விதை தரையில் விழுந்த பிறகே முளைக்கும். இதுவோ தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு வளர்ந்து, போதிய பலம் வந்த பின்புதான் கீழே சேற்றில் விழுகிறது. விழுகிற இடம் உப்பும் அலையுமான இடம் என்று அறிந்தே சிருஷ்டிகர் அப்படி ஏற்பாடு செய்திருக்கிறார். நம் பிள்ளைகளும் நாளைக்குச் சென்னையிலும் திருப்பூரிலும் துபாயிலும் போய் விழப்போகிறவர்கள்தான். அங்கே ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்திருக்கும்போது, தாயார் மடியில் முளைவிட்டது மாத்திரமே அவர்களோடு இருக்கும். மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பிவிட்டோம், அது போதும் என்றிராதேயுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வியை மறைத்து வைக்க என்னால் கூடாது. தினமும் செபித்தால் ஆபத்து வராதா?

2004 டிசம்பர் 26-ம் தேதி. கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவின் பக்கத்தில் கடலடியில் பூமி அதிர்ந்தது. சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பின் சுனாமி நம் கரையில் ஏறிற்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் 6,000 பேருக்குமேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். நம் கடலூர் மாவட்டத்தில் சுமார் 600 பேர். பிச்சாவரத்துக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டிலிருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் முதலிய குப்பங்கள் பெருஞ்சேதமடைந்தன. காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்கள் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. மரங்கள்தான் அலையின் வேகத்தைத் தடுத்தன என்று ஆராய்ச்சியாளர் சிலர் எழுதினார்கள். கடலிலிருந்து தூரமும் மேட்டு நிலமும் அதைவிடப் பெரிய காரணம் என்று வேறு சிலர் மறுத்தெழுதினார்கள்.

என்னைப் போன்ற பிரசங்கிகளுக்கு இங்கே ஒரு சோதனை வரும். ‘பார்த்தீர்களா, வாய்க்கால் வெட்டின காடு ஊரைக் காத்தது, அப்படியே செபம் செய்கிற வீட்டை ஆண்டவர் காப்பார்’ என்று முடித்துவிட்டால் கேட்க நன்றாயிருக்கும். அது பொய். நமக்குத் தெற்கே தஞ்சை மேற்றிராசனத்தில், 1962-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட வேளாங்கண்ணிக் கோயில் இருக்கிறது. அன்று காலை கோயிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையில் இருந்தவர்களோ கூட்டங்கூட்டமாய் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். அவர்கள் யார்? மாதாவைத் தேடித் தூர தேசங்களிலிருந்து வந்த யாத்திரிகர்கள். நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள். உள்ளே இருந்தவர்களைக் காட்டிலும் அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

சேசுநாதரிடமே ஒரு முறை இந்தக் கேள்வி வந்தது. லூக்காஸ் சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. சீலோவாமிலே ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் மேல் விழுந்தது. எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று அவரே எடுத்துக் கேட்டு, இல்லை என்று அவரே தீர்த்துச் சொன்னார். அவர் தீர்த்ததை நாம் மறுபடி திறக்க வேண்டாம். ஒருவர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் ‘என்ன பாவம் செய்தார்களோ’ என்று நம் திண்ணைகளில் பேசுகிறோமே, அதை விட்டுவிட இந்த ஒரு வாக்கியம் போதுமானது.

அந்த ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். அன்றைய பூசையில் வாசிக்கப்பட்ட சுவிசேஷம், சூசையப்பர் கனவில் சம்மனசால் எச்சரிக்கப்பட்டு, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எஜிப்துக்கு ஓடிய வரலாறு. கடல் ஊருக்குள் வருகிற அதே காலையில், நம் தேசத்துக் கோயில்களிலெல்லாம் ஒரு குடும்பம் தப்பியோடின கதை வாசிக்கப்பட்டது! ஆனால் அன்றைய வாசகத்தில் நடுவில் மூன்று வசனங்கள் இல்லை. பூசைக்குக் குறித்திருப்பதே அப்படித்தான். விடப்பட்ட அந்த வசனங்களில் என்ன இருக்கிறது? பெத்லேகேமில் ஏரோதன் கொன்ற குழந்தைகளும், ஆறுதல் வேண்டாமென்று அழுத தாய்மாரும் இருக்கிறார்கள். சம்மனசு ஒரு வீட்டுக்குத்தான் வந்தார். மற்ற வீடுகளுக்கு வரவில்லை. அந்த வசனங்கள் இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28-ல், மாசில்லாக் குழந்தைகள் திருநாளில் வாசிக்கப்படுகின்றன. 2004-ல் அந்த நாளில் நம் கரையோரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது உங்களில் வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

திருச்சபை அந்தத் தாய்மாரின் அழுகையைச் சுவிசேஷத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. பிறப்புத் திருநாளின் பாட்டு ஓயுமுன்னே அதற்கு ஒரு திருநாளே வைத்திருக்கிறது. விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. கூட நின்று வாசிக்கிறது. நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் எனக்கு இது தெரியாது.

அப்போது நான் கடலோரப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாயிருந்தேன். சுனாமியில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கோயில் வாசலில் என்னை நிறுத்தினாள். “இருபது வருசமா ஒரு நாள் தவறாம செபமாலை சொன்னேனே சாமி. எம் புள்ளைய ஏன் எடுத்துக்கிட்டாரு?” என்றாள். குருமடத்தில் படித்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. “எல்லாம் தேவ சித்தம் அம்மா” என்றேன். அவள் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. தேவ சித்தம் என்ற வார்த்தை சத்தியந்தான். ஆனால் அதை அப்போது நான் சொன்னது அவளுக்காக அல்ல, அந்த இடத்தை விட்டு நான் தப்பித்துப் போவதற்காக.

மறுநாள் மாலை செபமாலைக்கு அவள் வந்திருந்தாள். அடுத்த நாளும் வந்தாள். எனக்கு ஆச்சரியமாயிருந்தது. சில மாதம் கழித்துத் துணிந்து, “அம்மா, என்மேல் கோபமாயிருப்பீர்கள், கோயிலுக்கு வரமாட்டீர்கள் என்று நினைத்தேன்” என்றேன். “ஒங்க மேல கோவந்தான் சாமி” என்று ஒளிக்காமல் சொன்னாள். “அவர் மேலயும் கோவந்தான். அதைக் கேக்கத்தான் தினம் வரேன். வேற யாருகிட்டப் போய்க் கேக்க?”

அன்றைக்கு எனக்கு அது பாதி செபம், பாதி சண்டை என்றுதான் பட்டது. பிற்பாடு சங்கீதங்களை நிதானமாய் வாசித்தபோது, அவற்றிலும் ஏராளமானவை அப்படியே இருக்கக் கண்டேன். எதுவரைக்கும், ஏன், எங்கே போய்விட்டீர் என்று முறையிடுகிறவை. யோப் என்பவரும் தம் சிநேகிதர்களின் அழகான விளக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு, சர்வேசுரனிடமே நேராகப் பேச வேண்டுமென்று பிடிவாதமாய் நின்றார். கடைசியில் சர்வேசுரன் கோபித்துக்கொண்டது விளக்கம் சொன்ன சிநேகிதர்களை. சிலுவையில் தொங்கிய நம் இரட்சகரும், ஏன் கைவிட்டீர் என்று பிதாவைக் கேட்டார். கேட்ட வாயே சற்று நேரத்தில் தம் ஆத்துமத்தை அந்தப் பிதாவின் கரத்திலே ஒப்புக்கொடுத்தது. ஏற்றமும் வடிதலும் அங்கே ஒன்றாயிருந்தன.

இருபது வருஷத்துச் செபமாலை அந்தத் தாயின் மகனைக் காப்பாற்றவில்லை. இதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அந்த நாள் வந்தபோது அவளுடைய துக்கம் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் இருந்தது. இருபது வருஷமாய் ஒவ்வொரு மாலையும் அவள் தூர் வாரி வைத்தது. கால் தானாக நடந்து வந்தது. கை தானாக மணியைத் தேடிற்று. அன்றுதான் புதிதாய் வெட்டத் தொடங்கியிருந்தால், மண்வெட்டியைப் பிடிக்க அவளுக்குப் பலமிருந்திருக்குமா?

நம் தமிழ் மண்ணிலேயே பிறந்த அர்ச்சியசிஷ்டவர் ஒருவரும் யோப் ஆகமத்தின் வழியாய் விசுவாசத்துக்கு வந்தவர்தான். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். தம் குடும்பத்தில் நஷ்டத்துக்குமேல் நஷ்டம் வந்து மனமுடைந்திருந்தபோது, மகாராஜாவின் படையில் இருந்த தெ லன்னாய் என்ற டச்சுக்காரக் கத்தோலிக்கர் அவருக்கு யோபின் சரித்திரத்தைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்று பேர் கொண்டார். அதற்குப் பிறகு இழந்தது திரும்பி வந்ததா? இருந்த உத்தியோகமும் போயிற்று. சிறையும் அடியும் மூன்று வருஷம். 1752 ஜனவரி 14-ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவர் வரிசையில் சேர்த்தது. யோபுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைத்தது. இவருக்கு இந்தப் பூமியில் ஒன்றும் கிடைக்கவில்லை. சிறையில் கிடந்த நாட்களில் அவர் செபத்திலும் ஒறுத்தலிலும் காலம் கழித்தார் என்று அவர் சரித்திரம் சொல்லுகிறது. குருவானவரல்ல, சந்நியாசியல்ல, பெண்சாதியோடு குடித்தனம் நடத்தினவர். நம்மைப் போன்ற ஒரு சம்சாரி.

ஆகையால் பங்கு மக்களே, பெரிய காரியம் ஒன்றும் நான் கேட்கவில்லை. பெரிய வாய்க்கால் ஞாயிறு பூசை. அது அநேகமாய் எல்லோருக்கும் இருக்கிறது. கிளை வாய்க்கால்கள்தான் தூர்ந்திருக்கின்றன. காலையில் படுக்கையை விட்டு எழும்போது சிலுவை அடையாளம் வரைந்து அந்த நாளை ஒப்புக்கொடுங்கள். பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் அதற்கு அரை நிமிஷம் போதும். வயலிலோ, கடையிலோ, படகிலோ இருக்கும்போது மனத்துக்குள் ஒரு சிறு மனவல்லிய செபம். இரவில் படுக்குமுன் ஐந்து நிமிஷம் ஆத்தும சோதனை. இதில் நம் ஜனங்கள் ஒரு தவறு செய்கிறார்கள்: பாவத்தை மட்டும் எண்ணுகிறார்கள். அர்ச். இஞ்ஞாசியார் தமது ஞானப் பயிற்சிகளில் ஆத்தும சோதனைக்கு வகுத்த முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்லுவது. அதன் பிறகுதான் பாவத்தைத் தேடச் சொன்னார். இன்றைக்கு என் வீட்டில் கஞ்சி இருந்தது, கோபித்த அண்டை வீட்டார் முகம் கொடுத்துப் பேசினார், காய்ச்சல் விட்டது என்று அன்றன்று எண்ணிப் பார்த்தவனுக்கு, தன்னைத் தாங்குகிற கை ஒன்று இருக்கிறதென்பது கொஞ்சங்கொஞ்சமாய்ப் பழக்கமாகும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் ஒரே நாளில் சாய்த்துப் போட்டதை நாம் பார்த்தோம். அடுத்த புயல் எந்த வருஷம் என்று ஒருவருக்கும் தெரியாது. புயலடிக்கிற அன்று ஒருவனும் வாய்க்கால் வெட்ட இறங்குவதில்லை.

வீட்டில் ஒருவர் மாத்திரம் செபிக்க, மற்றவர்கள் சேராமல் இருக்கிற குடும்பங்கள் உண்டென்று எனக்குத் தெரியும். அவர்களைத் திட்டிக் கூப்பிட வேண்டாம். நீங்கள் உங்கள் மூலையில் உட்கார்ந்து, கேட்கும்படியாய்ச் சொல்லுங்கள். கூடச் சொல்ல ஆளில்லாமல் தனியாயிருக்கும் முதியவர்கள் மாலையில் மாதா கெபிக்கு வரலாம். அங்கே நான்கைந்து பேர் எப்போதும் இருக்கிறார்கள். மனத்தாங்கலோடு இருப்பவர்களும் அந்த மனத்தாங்கலோடேயே வரட்டும்.

இன்று மாலை 6 மணிக்கு வழக்கம்போல் திரிகால மணி அடிக்கும். திரிகாலச் செபம் மறந்துபோனவர்கள் அருள் நிறை மந்திரத்தையாவது மூன்று முறை சொல்லிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாத அளவுக்கு வேலையிருந்தால், மணி ஓசை கேட்கிற மட்டும் கையிலுள்ளதைக் கீழே வையுங்கள். மணி அடிக்கிற நம் கோயில்பிள்ளைக்கு வயதாகிவிட்டது. மூன்று மூன்றாய் நிறுத்தி நிறுத்தி அடித்து முடிக்க அவருக்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷம் பிடிக்கிறது.